வருஷத்துக்கு 60,000 ரூபாய்: இளம் ஓவியர்களின் படைப்புகளைச் சேகரிப்பது எப்படி?

வடக்குச்சுவர் கேட்டது:

சென்னையில் ஃபிளாட். கவின் கலைக் கல்லூரி முடித்து நாலைந்து வருஷத்துக்குள் இருக்கும் ஓவியர்கள், அச்சுக்கலைஞர்கள், சிற்பிகளின் வேலைகளை வாங்கிச் சேர்க்க எண்ணம். வருஷத்துக்கு 60,000 ரூபாய் ஒதுக்க முடியும். ஏலத்தில் பேசப்படும் பெரிய பெயர்கள் கைக்கு எட்டாதவை, அவற்றில் ஆசையும் இல்லை.

ஒரு படைப்புக்குப் பண்பாட்டு மதிப்பு உண்டா என்பதை வாங்கும் நேரத்திலேயே எதை வைத்துச் சொல்வது? சோபாவுக்கு மேட்சாக விற்கும் கேன்வாஸிலிருந்து இதைப் புதியவர் எப்படிப் பிரித்தறிவது? இந்தப் பட்ஜெட்டில் கேன்வாஸ் வாங்கலாமா, காகிதமா, அச்சா? என்னென்ன ஆவணம் கேட்டு வாங்க வேண்டும்? சென்னைப் புழுக்கத்தில் எப்படிக் காப்பது? பத்து வருஷம் கழித்து விலை ஏறுமா என்ற நினைப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை.

---

கரிக்கட்டி:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஏறும் என்று நினைத்து வாங்காதீர்கள். இளம் ஓவியர்களில் பெரும்பாலோருக்கு மறுவிற்பனைச் சந்தையே கிடையாது. ஏலக் கம்பெனி எடுக்காது, கேலரியும் திரும்ப வாங்காது. கொடுத்த பணம் செலவாகிவிட்டது என்று எழுதி வைத்துவிட்டுப் போனால்தான் படத்தைப் பார்க்க முடியும். இல்லையென்றால் விலைப்பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பண்பாட்டு மதிப்பு வேறு கணக்கு. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1950களிலும் 60களிலும் பணிக்கர், தனபால், சந்தானராஜ், முனுசாமி போன்ற கலை ஆசிரியர்களைச் சுற்றி அங்கே உருவானதைத்தான் இன்று மெட்ராஸ் கலை இயக்கம் என்கிறோம். அன்றைக்கு அவர்களிடம் வாங்க ஆளில்லை. 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததே, அதற்குப் பணம் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று வந்தது, ஓவியம் விற்று அல்ல. அங்கே வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜம் 1973இல், முப்பது சொச்சம் வயதில் இறந்துபோனார். அவருடைய மசிக்கோட்டுக் கனவுலகங்களை இப்போது சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் மழையிலும் கரையானிலும் போகாமல் அவற்றை யாரோ சிலர் வைத்திருந்தார்கள், அதனால்தான் இன்று தேடுவதற்கு ஏதோ இருக்கிறது.

இளம் ஓவியரிடம் வாங்குபவர் செய்வது பெரும்பாலும் இதுதான்: வேலையை உயிரோடு வைத்திருப்பது. படிப்பு முடிந்த முதல் ஐந்து வருஷத்தில் வாடகை அறையில் இடமில்லாமல் பழைய கேன்வாஸ் மேலேயே வெள்ளை பூசி அடுத்த படம் தீட்டுவது சாதாரணம். சிற்பம் செய்கிறவர் களிமண் வேலையை அச்செடுத்து வார்க்கக் காசில்லாமல் உடைத்துவிடுவார். தொடர்வதா, அனிமேஷன் கம்பெனி வேலைக்குப் போவதா என்று முடிவெடுக்கும் வயதும் அதுதான்.

எப்படிப் பிரித்தறிவது என்றால், ஒரு படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஒருவருடைய வேலையில் பத்துப் பதினைந்தாவது பார்க்க வேண்டும். ஸ்கெட்ச் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலோர் மகிழ்ந்து காட்டுவார்கள். அதில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்கிறதா என்று கவனியுங்கள். எடுத்த பொருளுக்குக் காரணம் இருக்கிறதா? சிமெண்ட் சாக்கில் வரைந்திருந்தால் ஏன் சிமெண்ட் சாக்கு? “வித்தியாசமா இருக்கும்னுதான்” என்பது பதிலல்ல. ஆசிரியரின் சாயல் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 24 வயதில் சாயல் இருப்பது குற்றமில்லை. மூன்று வருஷம் கழித்தும் அப்படியே இருந்தால் யோசிக்க வேண்டும். ஏழு குதிரை, புத்தர் முகம், “வேற கலர்லயும் செஞ்சு தருவோம்” என்றால் அது அலங்காரப் பொருள். வாங்குவதில் தப்பில்லை, அலங்காரப் பொருள் விலைக்கு வாங்குங்கள்.

போக வேண்டிய இடங்கள்: சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகள், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, சோழமண்டலக் காட்சிக்கூடங்கள், முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம். கொச்சி முசிறிஸ் பினாலே (ஈராண்டுக் கலைவிழா) வருஷங்களில் கூடவே நடக்கும் மாணவர் பினாலேயைத் தவறவிடாதீர்கள். அது விற்பனைச் சந்தை அல்ல. பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு அவர்களின் அடுத்தடுத்த வேலைகளைத் தொடர்ந்து பாருங்கள்.

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காமல் பார்ப்பது நல்லது. பிறகு, பத்துப் பேரிடம் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட மூன்று பேரிடம் சில வருஷ இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வாங்குங்கள். இப்படிச் சேர்த்தவர்கள் நியூயார்க்கின் வோகல் தம்பதி: ஹெர்பர்ட் தபால் இலாகா ஊழியர், மனைவி டோரதி நூலகர். டோரதியின் சம்பளத்தில் குடித்தனம், ஹெர்பர்ட் சம்பளத்தில் ஓவியம். கைக்கு எட்டும் விலையாக இருக்க வேண்டும், தங்கள் சின்ன அபார்ட்மெண்டில் அடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 1960களில் தொடங்கி 4,000க்கும் மேல் சேர்த்தார்கள். 1992 முதல் அவை வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போயின. அந்தச் சேகரிப்பின் பலமே பெயர் வராத காலத்தில் வாங்கிய கோட்டோவியங்களும், ஒரே கலைஞரின் பல வருஷ வேலை ஒரே இடத்தில் இருப்பதும்தான்.

---

மைஉருளை:

60,000 ரூபாய்க்கு என் ஓட்டு அச்சுக்கு. எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுப்பது), மரச்செதுக்கு, லினோகட் (மரத்துக்குப் பதில் லினோலியத்தில் செதுக்குவது), லித்தோ (கல்லில் வரைந்து எடுப்பது), சில்க்ஸ்கிரீன் (துணித்திரை வழியாக மை அழுத்துவது) எல்லாமே மூலப் படைப்புகள்தான். ஏதோ ஓவியத்தை நகலெடுத்தது என்று நினைத்துப் பலர் தவறவிடுகிறார்கள். ஒரே படத்தில் பத்திருபது பிரதி இருப்பதால் அதே ஓவியரின் கேன்வாஸைவிட விலை பாதிக்கும் கீழே இருக்கும்.

கீழே பென்சிலில் 4/15 என்று இருந்தால் மொத்தம் பதினைந்து பிரதி, இது நான்காவது. ஏ/பி என்றால் கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி, வழக்கமாக மொத்தத்தில் பத்து சதவீதம் போல. கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: ஏ/பி சேர்த்து மொத்தம் எத்தனை, அச்சடித்த பிறகு தகட்டைக் கீறி ரத்து செய்தாகிவிட்டதா, இதே படம் வேறு அளவிலோ வேறு நிறத்திலோ தனி எடிஷனாக வருமா. கடைசிக் கேள்வியில்தான் பிரச்சினை வரும். “பதினைந்துதான்” என்று சொல்லி விற்றுவிட்டு, அடுத்த வருஷம் நீலத்தில் பதினைந்து போடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்றில்லை, முறை தெரியாததால் நடப்பது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எட்சிங்கில் தகடு அழுந்திய விளிம்பு பள்ளமாகச் சுற்றி ஓடும், மை கோடு காகிதத்தைவிட மேடாக நிற்கும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்தாலே தெரியும். மரச்செதுக்கிலும் லினோவிலும் மை ஓரத்தில் தடித்துக் கரை கட்டியிருக்கும். கரண்டியால் தேய்த்து எடுத்ததென்றால் பின்பக்கத்தில் அந்தப் பளபளப்புத் தெரியும். லித்தோவில் பள்ளம் இருக்காது, கிரேயான் பொரி போலப் படிந்திருக்கும். இன்க்ஜெட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தூவியது போலத் தெரியும். டிஜிட்டல் பிரிண்ட் என்று சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. எட்சிங் விலையில் விற்றால்தான் பிரச்சினை.

கேன்வாஸில் இன்க்ஜெட் அடித்து மேலே ஜெல்லில் தூரிகைத் தடம் போடுவதும் இப்போது நிறைய. தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், நிற எல்லை வேறு பக்கம் போகும். அதுதான் அடையாளம்.

எண் சின்னதாக இருந்தால் உயர்வு என்பது மூடநம்பிக்கை. எந்த வரிசையில் அச்சடித்தாரோ அதே வரிசையில் எண் போடுவார் என்று இல்லை. டிரைபாயிண்ட் (அமிலமின்றி, ஊசியால் தகட்டை நேராகக் கீறிச் செய்வது) மட்டும் விதிவிலக்கு. ஊசி கீறிய இடத்தில் எழும் செம்புப் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த வெல்வெட் கறுப்பைத் தருகிறது, பிரெஸ்ஸில் போகப் போக அது நசுங்கிவிடும். அதில் முதல் சில பிரதிகளுக்கே கறுப்பு கனமாக விழும்.

காகிதம் முழுப் பருத்தியாக, 250 முதல் 300 ஜிஎஸ்எம்மில் (காகிதத்தின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கட்டும். சார்ட் பேப்பரில் அடித்ததை மாணவர் விலைக்கு மேல் வாங்காதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அடித்த எட்சிங்கை உடனே ஃபிரேம் போடவும் வேண்டாம். எண்ணெய் மை காய இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் கண்ணாடியில் பட்டால் படம் கண்ணாடிக்குப் போய்விடும்.

---

வரவுசெலவு:

ஆவணம் பற்றி. பில்லும் சான்றிதழும் தனித்தனி, இரண்டும் வேண்டும். பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, வருஷம், ஊடகம், அளவு (உயரம் முதலில், அகலம் அடுத்து), விலை, தேதி. “கேன்வாஸ் பெயிண்டிங் ஒன்று, ரூ. 18,000” என்று எழுதிய பில் பத்து வருஷம் கழித்து எதற்கும் உதவாது. சான்றிதழில் படைப்பின் புகைப்படமும் ஓவியரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கேலரிக்காரர் மட்டும் கையெழுத்திட்டது போதாது. ஓவியர் உயிரோடு, போனில் பேசும் தூரத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிற்காலத்தில் வரும் உண்மைத்தன்மைச் சண்டைகள் பாதி இந்த ஒரு தாள் இல்லாததால் வருபவை.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். தவணை கேட்டால் இளம் ஓவியர்கள் பலரும் ஒத்துக்கொள்வார்கள். மூன்று தவணை, கடைசித் தவணையில் படம் கைக்கு வரும் என்று ஒரு மெயிலில் எழுதிக்கொண்டால் போதும். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று விலை கேட்கும்போதே கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவில்லாத ஓவியர் வரி வசூலிக்க முடியாது.

படம் உங்களுடையது, காப்புரிமை அவருடையது. வீட்டில் மாட்டலாம், விற்கலாம். கல்யாணப் பத்திரிகையிலோ காலண்டரிலோ அச்சடிக்க எழுத்தில் அனுமதி வேண்டும். ஆனால் பணம் கொடுத்து நீங்களே வரையச் சொன்ன ஓவியமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் சட்டம் வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. இது தெரியாமல் பின்னால் காப்புரிமை இழந்து நிற்கும் ஓவியர்கள் உண்டு. நியாயமாக நடக்க விரும்பினால் “காப்புரிமை ஓவியருக்கே” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பொருளே ஆனாலும் சிதைக்க உரிமை கிடையாது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துக் கிடங்கில் போட்ட வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஃபிரேமுக்கு அடங்கவில்லை என்று காகிதத்தின் ஓரத்தை வெட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

விற்கும் நாள் வந்தால் இரண்டு விஷயம். நகை போலவே ஓவியத்துக்கும் சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்கு இல்லை, லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம். அதனால் பில்லோடு ஃபிரேம் பில்லையும் சேர்த்து வையுங்கள். இன்னொன்று, காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு: மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் அந்தத் தொகையில் ஓவியருக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம். இப்படி ஒரு பிரிவு இருப்பதே ஓவியர்கள் பலருக்குத் தெரியாது.

---

சதுர அங்குலம்:

விலை பற்றி யாரும் பேசவில்லையே. இளம் ஓவியர்கள் பெரும்பாலும் அளவை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். சதுர அங்குலத்துக்கு 30 ரூபாய் என்று வைத்தால் 12க்கு 12 படம் 4,320, 24க்கு 36 படம் 25,920, 48க்கு 60 படம் 86,400. சிலர் உயரத்தையும் அகலத்தையும் கூட்டிப் பெருக்குவார்கள். கூட்டுத்தொகையின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 400 என்றால் அதே மூன்றும் 9,600, 24,000, 43,200. நடுத்தர அளவில் இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னப் படம் வாங்குகிறவருக்குச் சதுர அங்குல முறை லாபம். உங்கள் பட்ஜெட்டுக்கு விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேலரி தன் பங்காக 30 முதல் 50 சதவீதம் எடுக்கும். அதனால் “நேரா வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன், பாதி விலைக்குக் கொடுங்க” என்று கேட்பது பலருடைய முதல் யோசனை. வேண்டாம். கேலரியில் 24,000க்கு மாட்டியதை வீட்டில் 12,000க்குக் கொடுத்தார் என்று தெரிந்த நாளிலேயே அவருடைய விலை 12,000 ஆகிவிடும், கேலரியும் கைவிடும். அவரை ஆதரிக்கப் போய் அவர் காலை ஒடித்த கதை. இரண்டு மூன்று சேர்த்து வாங்கும்போது பத்து சதவீதம் குறைத்துக் கேட்பது மரபுதான். ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

கரிக்கட்டி சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் வாங்காமல் பார்ப்பது சரி என்றாலும், மாணவர் கண்காட்சியில் 3,000 ரூபாய்க்கு ஒரு கோட்டோவியம் பிடித்திருந்தால் அன்றைக்கே வாங்குங்கள். கையில் ஒன்று இருந்து தினமும் பார்த்தால்தான் கண் பழகும். மூன்று மாதத்தில் அலுத்துப்போகிற படமும் ஒரு பாடம்தான், 3,000 ரூபாய் அதற்கு அதிகமில்லை.

---

கரிக்கட்டி:

3,000 ரூபாய் என்றால் ஒத்துக்கொள்கிறேன். 30,000க்கு இல்லை.

---

வடக்குச்சுவர்:

எல்லோருக்கும் நன்றி. காகிதம், அச்சு என்றே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாக யாராவது சொல்ல முடியுமா? பக்கத்து ஃபிரேம் கடையில் கொடுத்தால் போதுமா? ஹாலில் ஏசி இருக்கிறது, ராத்திரி மட்டும் ஓடும்.

---

மரச்சட்டம்:

பக்கத்துக் கடையிலேயே கொடுக்கலாம். என்ன பொருள் போட வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர் இஷ்டத்துக்கு விடக் கூடாது. செலவு சாதாரண ஃபிரேமைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். 60,000இல் பத்தாயிரமாவது இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

மவுண்ட் போர்டு (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) அமிலமற்றதாக இருக்கணும். சாதாரண போர்டின் நடுப்பகுதி மரக்கூழ், நாலைந்து வருஷத்தில் சாய்வாக வெட்டிய விளிம்பு பழுப்பாகும். அந்தப் பழுப்பு அப்படியே படத்தின் காகிதத்திலும் ஒரு சட்டம் போலப் பதியும். அதைப் போக்க ஆகும் செலவு படத்தின் விலையையே தாண்டும்.

படத்தை மவுண்ட்டில் முழுசாக ஒட்டவே கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானிய மென்தாள் துண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை. காகிதம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும், கீழே தொங்க விட்டால்தான் அலையாமல் இருக்கும். இதெல்லாம் கிடைக்காவிட்டால் நான்கு மூலையிலும் அமிலமற்ற மூலைப்பை போதும். செல்லோ டேப், ஃபெவிகால், இரட்டைப் பக்க டேப் மூன்றும் தடை. கடையில் மைதாப் பசை இருந்தால் அதையும் தொட விடாதீர்கள். போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அதிலுள்ள செம்பு காகித நாரை அரித்துவிடும்.

கண்ணாடி படத்தில் படக் கூடாது, 4 முதல் 5 மி.மீ. இடைவெளி. மவுண்ட் கனம் போதாவிட்டால் ஓரத்தில் ஸ்பேசர் (இடைவெளிக்கான மெல்லிய பட்டை) வைக்கச் சொல்லுங்கள். இங்கேதான் சென்னையில் அதிகம் கெடுகிறது. ராத்திரி ஏசியில் கண்ணாடி குளிரும், காலையில் ஜன்னல் திறந்ததும் ஈரக்காற்று பட்டு வேர்க்கும், ஒட்டியிருக்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வாட்டர்கலர் என்றால் நிறமே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் ஷீட் கண்ணாடியைவிட நல்லது. ஆனால் கரி, சாஃப்ட் பேஸ்டல் வேலைக்கு அக்ரிலிக் போடாதீர்கள், நிலைமின்சாரத்தில் பொடியை இழுத்துவிடும்.

பின்னால் ஹார்ட்போர்டு போடுவதுதான் கடை வழக்கம். அது அமிலம் கக்கும். சன்போர்டும் வேண்டாம், அது பிவிசி. பாலிப்ரொப்பிலீன் ஃப்ளூட் ஷீட் (உள்ளே குழல் வரிகள் உள்ள பிளாஸ்டிக் அட்டை) மலிவு, ஈரமும் உள்ளே போகாது. சுற்றி டேப் ஒட்டி மூடினால் ராமபாணப் பூச்சி நுழையாது. கீழ் மூலை இரண்டிலும் கார்க் வட்டு வைத்துச் சுவரிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிற்க வையுங்கள், பின்னால் காற்று ஓட வேண்டும்.

எங்கே மாட்டக் கூடாது: வெளிச்சுவரின் உள்பக்கம் (வடகிழக்குப் பருவமழையில் நனைவது அதுதான்), பாத்ரூமோடு ஒட்டிய சுவர், அடுப்படிக்கு எதிர், ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடம். 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்று அருங்காட்சியகப் புத்தகங்கள் சொல்லும், ஃபிளாட்டில் அது நடக்காது. ராத்திரி 45, பகல் 80 என்று ஊசலாடுவதைவிட நாள் முழுக்க 60, 65இல் நிற்பது நல்லது. 70 தாண்டிக் காற்றோட்டமும் இல்லாவிட்டால் பூஞ்சை நிச்சயம். படம் இருக்கும் அறையில் ராத்திரி மட்டும் ஓடும் ஏசி என்றால், அந்த அறையை விட்டுவிட்டு ஏசி இல்லாத, காற்று வரும் உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஈரமானி ஒன்று சில நூறு ரூபாய்தான். ஒரு வாரம் ஒவ்வொரு சுவர்ப் பக்கமும் வைத்துக் குறித்துப் பாருங்கள், உங்கள் வீட்டைப் பற்றியே புதுத் தகவல் கிடைக்கும்.

வெளிச்சம்: காகித வேலைக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200. மொபைல் ஆப் சரியான அளவு காட்டாது, எந்தச் சுவர் அதிக வெளிச்சம் என்று ஒப்பிட உதவும். ஜன்னல் வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் வேண்டாம். வாங்கும்போதே நிறம் பற்றிக் கேளுங்கள். பால்பாயிண்ட் பேனா, ஹைலைட்டர், ஃப்ளோரசென்ட் மை, மலிவான போஸ்டர் கலர் எல்லாம் வெளிச்சத்தில் போகிறவை. கரி, கிராஃபைட், இந்தியன் இங்க் அசையாது.

கேன்வாஸ் வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து பழுப்புத் திட்டாக இருந்தால் ப்ரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சு) சரியில்லை. காசு மிச்சம் பிடிக்க வீட்டுச் சுவர்ப் ப்ரைமர் பூசுகிறவர்கள் உண்டு, அது சில வருஷத்தில் வெடித்து உரியும். அக்ரிலிக் ஓவியத்தைப் பபிள் ராப்பில் நேராகச் சுற்றாதீர்கள். நம் வெயிலில் பெயிண்ட் இளகிக் குமிழ் அச்சு வட்டமாக விழும், எடுக்கவே முடியாது. முதலில் கிளாசின் (வழவழப்பான மெல்லிய தாள்) அல்லது சிலிக்கான் தாள், பிறகு பபிள் ராப், குமிழ்ப் பக்கம் வெளியே. சுருட்ட வேண்டியிருந்தால் ஆறு அங்குலக் குழாயில், பெயிண்ட் பக்கம் வெளியே தெரியும்படி. உள்பக்கமாகச் சுருட்டினால் பெயிண்ட் நசுங்கிச் சுருக்கம் விழும். எண்ணெய் ஓவியத்துக்கு வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் கழித்துத்தான். ஓவியர் அவசரத்தில் முன்பே பூசியிருந்தால் வெடிப்பு வரும், அதனால் முடித்த தேதியைக் கேளுங்கள். எண்ணெய் ஓவியத்தை இருட்டில் சுற்றி வைத்தாலும் ஆளி எண்ணெய் மஞ்சளாகும், மாட்டி வைப்பதே நல்லது.

அந்துருண்டை வேண்டாம். ஆவியாகிப் படத்தின் மேலேயே படியும். சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள் மட்டும் பயன்படும், திறந்த அலமாரியில் போடுவது வீண். புரட்டாசி கடைசியிலிருந்து மார்கழி வரை மாதம் ஒருமுறை படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் துடைக்காதீர்கள், துடைத்தால் நாருக்குள் தேய்த்துவிடுவீர்கள். மற்றதிலிருந்து தனியாக எடுத்து, நிழலில், காற்றில் உலர விடுங்கள். பொடியானதும் மாஸ்க் போட்டுக்கொண்டு மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகையால் படத்துக்கு வெளியே போகும்படி தட்டுங்கள். கறை மிச்சமிருந்தால் கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம்தான், சட்டைக் கறைக்குப் போடும் வைத்தியமெல்லாம் காகிதத்துக்கு ஆகாது.

பின்பக்க லேபிள், கண்காட்சிச் சீட்டு, ஓவியரின் கிறுக்கல் எதையும் உரிக்காதீர்கள். புது ஃபிரேம் போடும்போது கடைக்காரர் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான்.

---

வடக்குச்சுவர்:

ஒரு கடைசிச் சந்தேகம். ஒரு மாணவர் கண்காட்சியில் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களை அடுக்கி ஒட்டி, மேலே மஞ்சள் தூளும் டீ டிக்காஷனும் கொண்டு செய்த ஒரு வேலை மனதை விட்டுப் போகவில்லை. விலை 8,000. மேலே சொன்னதெல்லாம் படித்தபின் இதை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறது.

---

மரச்சட்டம்:

மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வேகமாகப் போகும், சுவரில் மாட்டினால் முதலில் போவது அதுதான். காரம் பட்டால் சிவக்கவும் செய்யும், அதனால் சுண்ணாம்புச் சுவரையோ புதுச் சிமெண்ட்டையோ தொட விடக் கூடாது. செய்தித்தாளில் லிக்னின் (மரக்கூழில் இருக்கும் ஒரு பொருள்) அதிகம், பழுத்து நொறுங்கும். டீக்கறை ஓரளவு நிற்கும், ஆனால் அமிலம்.

இருந்தும் வாங்கலாம். அமிலமற்ற பெட்டியில் இருட்டில் படுக்கையாக வைத்து, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் வெளியே எடுத்து மாட்டுங்கள், மஞ்சள் பல மடங்கு நீடிக்கும். வாங்கிய வாரத்திலேயே நிற அளவுப் பட்டை (தரப்படுத்திய நிறக் கட்டங்கள் உள்ள அட்டை) பக்கத்தில் வைத்து நல்ல புகைப்படம் எடுத்துவிடுங்கள், பின்னால் எவ்வளவு வெளுத்தது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம்.

---

கரிக்கட்டி:

நான் சொன்ன “ஏன் இந்தப் பொருள்?” என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கும் போலிருக்கிறதே. வெளுப்பது தெரிந்தேதான் மஞ்சளை எடுத்தாரா என்று கேளுங்கள். தெரிந்தே என்றால், வெளுப்பதும் படைப்பில் சேர்ந்தது. அதைத் தடுக்கப் பெட்டியில் பூட்டுவது அவர் சொல்ல வந்ததற்கே எதிராகப் போகலாம். தெரியாது என்றால் 8,000இல் பேசிப் பார்க்கலாம், அவருக்கும் ஒரு தகவல் சொன்னது போலாகும்.

---

வரவுசெலவு:

எந்தப் பதில் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள். வெளுத்தால் அப்படியே விடுவதா, அவரே மறுபடி மஞ்சள் பூசுவாரா, அவர் இல்லாத காலத்தில் வேறொருவர் பூசலாமா, செய்தித்தாள் உதிர்ந்தால் அதே தேதி நாளிதழ்தான் வேண்டுமா, வேறு போதுமா. நாலு வரி, தேதி, கையெழுத்து. அந்தத் தாளைப் படத்தின் பின்னால் ஒட்டாமல் பில்லோடு ஃபைலில் வையுங்கள், ஸ்கேன் ஒன்று மெயிலில் இருக்கட்டும்.